மடங்கும் கூர்

கத்தி வாங்கப் போகிறவர் மனத்தில் பெரும்பாலும் ஒரு கற்பனை நாள் இருக்கிறது. அந்த நாளில் அவர் காட்டில் வழி தவறியிருப்பார். அல்லது கவிழ்ந்த காருக்குள் சீட் பெல்ட்டில் யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள். அல்லது இருட்டுச் சந்தில் ஒருவன் எதிரே வந்து நிற்பான். அந்த நாளுக்கென்று அவர் எடுக்கும் கத்தி கனமாக, கறுப்பாக, தடித்த அலகோடு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதற்குக் கிடைக்கும் வேலை கூரியர் பெட்டியின் டேப்பைக் கீறுவது, கொய்யாப்பழம் நறுக்குவது, புது வேட்டியில் தைத்திருக்கும் விலைச்சீட்டின் நூலை அறுப்பது. டேப்பைக் கீறும், கொய்யாவை நறுக்காமல் பிளக்கும், சட்டைப்பையைத் தொங்கவிடும். கொஞ்ச நாளில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

சட்டைப்பையில் கூடவே வரும் மடக்குக்கத்தியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: நாம் உண்மையில் வாழ்கிற நாளைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பண்டத்தை வாங்குவது பற்றிய யோசனையாக மட்டும் இதைச் சொல்லவில்லை. கற்பனைச் சண்டை ஒன்றை மனத்தில் வைத்துக் கத்தியைப் பார்க்கும் பழக்கம், நல்ல கத்தி செய்த ஊர்களையே நொடிக்கவைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், வாழ்கிற நாளுக்காகவே செய்யப்பட்ட ஒரு கத்தி.

பிரான்சின் கிழக்கே, ஆல்ப்ஸ் மலையில் சவுவா வட்டாரம். அங்கே அல்பியே என்ற மலைக் கிராமத்தில் ஓபினெல் குடும்பத்தார் கோடரியும் கொக்கியரிவாளும் செய்துகொண்டிருந்தார்கள். 1890இல் அந்த வீட்டுப் பையன் ஜோசப் ஓபினெல், பதினெட்டு வயதில், ஒரு மடக்குக்கத்தி செய்தார். உருண்டையான மரப்பிடி, அதில் அலகு படுக்க ஒரு பிளவு, கார்பன் எஃகில் ஓர் அலகு, அது சுழல ஓர் ஆணி, பிடியின் கழுத்தைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை. வாங்கியவர்கள் விவசாயிகள், திராட்சைத் தோட்டக்காரர்கள், ரயில்வேத் தொழிலாளர்கள். மத்தியானம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அரிய வேண்டும். கொடியைக் கிள்ள வேண்டும். கயிற்றை அறுக்க வேண்டும். அதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை, ஜோசப்பும் எதுவும் சேர்க்கவில்லை. 1955இல் மார்செல் ஓபினெல் கழுத்துப் பட்டைமேல் திருகும் வளையம் ஒன்றைச் சேர்த்தார். திறந்த அலகு வேலைக்கு நடுவே விரல்மேல் மடங்கிவிடாமல் அந்த வளையம் பூட்டும். ஆக மொத்தம் ஐந்து உறுப்புகள். இன்றைக்கும் ஐந்துதான்.

1897இல் அந்தக் கத்திக்கு அளவுவாரியாக 1 முதல் 12 வரை எண்கள் வந்தன. ஒன்றாம் எண் மிகச் சிறியது. பதினொன்றாம் எண்ணுக்குப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் தனக்கென்று வேலை இல்லை. 1930களில் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு தொழிலகம் தன் வரிசையைத் திரும்பிப் பார்த்து, எந்தக் கையும் எந்த வேலையும் கேட்காத அளவுகளைக் கைவிட்டது என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை. மிஞ்சியவற்றில் எட்டாம் எண்தான் பெரும்பாலானோர் கைக்கு ஒத்துவந்தது. அலகு 8.5 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 50 கிராம். சட்டைப்பையில் கிடப்பது தெரியாது.

நான் வைத்திருப்பதும் அந்த எட்டாம் எண்தான். அதன் அலகை முதலில் திறந்து பார்ப்பவர்கள் இவ்வளவு மெல்லிசா என்று சந்தேகப்படுவார்கள். நான் அதைத் தேர்ந்தெடுத்ததே அந்த மெல்லிசுக்காக. வெட்டுவது என்பது இரண்டு வேலைகள் சேர்ந்தது. விளிம்பு பொருளுக்குள் நுழைகிறது. பின்னால் வரும் அலகின் உடம்பு அந்த வெட்டை அகட்டிக்கொண்டு போகிறது. விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும் முதுகு தடித்திருந்தால் அலகு ஆப்பாகிவிடும். கேரட்டை நறுக்கினால் பாதி வழியில் ‘சடக்’கென்று தெறிக்கும். மாங்காய்க் கீற்று கோணிக்கொண்டு போகும். போர்க்கத்தி சாயலில் வருகிற மடக்குக்கத்திகளின் முதுகு மூன்று, நான்கு மில்லிமீட்டர்கூட இருக்கிறது. எட்டாம் எண்ணின் முதுகு இரண்டு மில்லிமீட்டரைத் தொடாது. அந்தக் கூடுதல் எஃகு எதற்கு? நெம்பவும் குத்தவும். எத்தனை பேர் எத்தனை முறை கதவை நெம்புகிறோம்? கத்தியை மூடி வைத்துவிட்டு அதன் முதுகை மட்டும் பார்த்தாலே, செய்தவர் யாருடைய நாளை நினைத்துக்கொண்டு செய்தார் என்று சொல்லிவிடலாம்.

படைவீரனின் கத்தியாவது சண்டைக்கென்று இருக்கும் என்று நினைப்போம். உலகத்தில் மிகப் பெயர்பெற்ற ராணுவ மடக்குக்கத்தி அப்படி இல்லை. 1880களின் கடைசியில் சுவிட்சர்லாந்து ராணுவம் தன் வீரர்களுக்கு மடக்குக்கத்தி கொடுக்க முடிவு செய்தபோது அதனிடம் கேட்டவை இரண்டு: டின் உணவைத் திறக்க வேண்டும், புதிதாக வந்திருந்த துப்பாக்கியைக் கழற்ற உதவும் திருப்புளி வேண்டும். அலகு ஒன்று, டின் திறப்பான் ஒன்று, திருப்புளி ஒன்று, துளையிடும் ஊசி ஒன்று. முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. இபாக் ஊரில் 1884இலிருந்து பட்டறை நடத்திவந்த கார்ல் எல்செனர், சொந்த நாட்டிலேயே அதைச் செய்ய வேண்டும் என்று முனைந்து, 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். 1897இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தியில் இரண்டாவதாகச் சேர்ந்தது ஒரு சின்ன அலகும் ஒரு தக்கைத் திருகாணியும். ஒரே வில் தகடு பிடியின் இரு பக்கத்துக் கருவிகளையும் தாங்கும்படி அமைத்ததுதான் அதில் அவருடைய கைத்திறன். பசி, திருகு, தக்கை: படைவீரனின் நாளும் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது என்பதைப் புரிந்துகொண்ட கத்தி அது.

இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. முதுகோடு படுத்திருக்கும் வில் தகடு அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நகக்குழியில் நகத்தை மாட்டி இழுக்கும்போது வில் முதலில் முரண்டு பிடிக்கும், பாதியைத் தாண்டியதும் தானே இழுத்துக்கொண்டு ‘டக்’கென்று நிற்கும். வாங்கும்போது இந்த ஓசையைக் கேட்க வேண்டும். மழுங்கலாகக் கேட்டால் வில் தளர்ந்திருக்கிறது. திறந்த பின் அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும், ஆடக் கூடாது. மூடிய நிலையில் கூர்விளிம்பு உள்ளே இருக்கும் வில்லில் உரசக் கூடாது. உரசினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் போகும். பூட்டு இல்லாத கத்தியை விரும்புகிறவர்கள் அது ஒழுங்கு கற்றுத்தருகிறது என்பார்கள். உண்மைதான். விசை எப்போதும் விளிம்பின் திசையில்தான் போக வேண்டும், முனையால் குத்தக் கூடாது என்பதை விரல்கள் சீக்கிரம் தெரிந்துகொள்கின்றன. ஆனாலும் ஈரக் கையோடு வேலை செய்கிறவருக்கு நான் பூட்டு உள்ளதையே சொல்வேன்.

ஓபினெலுக்கு நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. பீச் மரத்தின் பிடி ஈரத்தை வாங்கி ஊதும். சென்னையில் ஐப்பசி அடைமழைக் காலத்தில் அலகு பிடிக்குள் இறுகிக்கொண்டு நகத்துக்கு வராது. சவுவாக்காரர்களுக்கு இது பழைய கதை. பிடியின் அடிப்புறத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகின் முனை நகத்துக்கு எட்டுமளவு வெளியே எட்டிப்பார்க்கும். அந்தத் தட்டுக்கே அவர்கள் ஊர்ப் பெயர் உண்டு. வெயில் வந்ததும் ஒருநாள் காயவைத்து, ஆணி இருக்கும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடுத்த மழைவரை தொல்லை இல்லை.

எஃகைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கத்திப் பிரியர்கள் விடியவிடியப் பேசுவார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓபினெலின் பழைய அலகு ஏறத்தாழ 0.9 சதவீதம் கார்பன் உள்ள எஃகு; நன்றாகக் கூர் ஏறும், துருவும் ஏறும். இப்போது கூடவே கிடைக்கும் துருப்பிடிக்காத வகையில் குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல். கடற்கரை ஊரில் இருப்பவரும், வேர்வையில் நனைகிற சட்டையில் வைத்துக்கொள்பவரும் இரண்டாவதை எடுப்பதே நல்லது. ஆனால் தினமும் துடைத்து வைக்கிற ஒழுங்கு உள்ளவருக்குக் கார்பன் அலகு தரும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. மாங்காயும் எலுமிச்சையும் வெங்காயமும் பட்டுப்பட்டு அது சாம்பல் நிறத்துக்கும் நீலத்துக்கும் போய், மேகம் படர்ந்தமாதிரி ஆகிவிடும். அந்தக் கருமை செந்துருவை ஓரளவு தள்ளி நிறுத்தும். அது மட்டுமல்ல, அந்த அலகில் நாம் தின்ற பழங்களெல்லாம் பதிந்திருக்கின்றன. மிகக் கடினமான புதுவகை எஃகுகள் மாதக்கணக்கில் கூர் தாங்கும் என்று விலை சொல்லி விற்கிறார்கள். மழுங்கிய பிறகு அவற்றை வீட்டுக் கல்லில் தீட்ட முயன்றவர்களுக்குத் தெரியும், அந்தக் கடினத்துக்கு இன்னொரு விலையும் உண்டென்று. சாதாரணக் கல்லில் சில நிமிடங்களில் மீண்டும் கூர் ஏறுகிற எஃகுதான் சட்டைப்பைக்கு ஏற்றது.

தெருவில் மிதிசக்கரத்தோடு சாணை பிடிக்க வருகிறவர் கத்தரிக்கோலுக்கும் அரிவாள்மணைக்கும் நல்லவர். மெல்லிய அலகை மட்டும் அவரிடம் கொடுக்கத் தயங்குவேன். கூராக்கப்படும் விளிம்பு தாள் கனம்தான் இருக்கிறது. உலர்ந்த சக்கரத்தின் வேகத்தில் அது நொடியில் சூடேறிவிடும். எஃகு நீலநிறம் காட்டினால் வெப்பம் 300 டிகிரி வாக்கில் போயிருக்கிறது, பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை தீட்டினாலும் அந்த இடம் கூர் தாங்காது. தட்டைக் கல்லும் தண்ணீரும் போதும். அலகைச் செங்குத்தாக நிறுத்தி, பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் கிடைப்பது ஏறக்குறைய 22 டிகிரி. அதற்குச் சற்றே தாழ்ந்த சாய்வில் வைத்து, அடியிலிருந்து முனைவரை ஒரே போக்காகத் தேய்க்க வேண்டும். மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும்வரை தேய்த்துவிட்டுப் பக்கம் மாற்ற வேண்டும். அந்தப் பிசிறைக் கண்ணால் பார்ப்பது சிரமம். கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்காக வெளிப்புறம் தடவினால் தட்டுப்படும். கடைசியில் பிசிறு உதிரும்வரை அழுத்தமே இல்லாமல் மாற்றிமாற்றி இழுத்து, பழைய தோல் பெல்ட்டில் சில முறை துடைத்தால் முடிந்தது. கல் கைவசம் இல்லாத வெளியூரில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூசாத ஒரு வளையம் சொரசொரப்பாக இருக்கும். அவசரத்துக்கு அதுவே கல்.

இனி, நொடித்த ஊர்கள்.

ஜப்பானில் ஹியோகோ மாகாணத்து மிக்கி நகரம் பல தலைமுறைகளாகக் கருவி செய்யும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஹிகோனோகாமி என்ற மடக்குக்கத்தி பிறந்தது. மடித்த பித்தளை அல்லது இரும்புத் தகடுதான் பிடி. வில் இல்லை, பூட்டு இல்லை. அலகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வதுதான் பூட்டு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பள்ளிக்கூடம் போகும் பையன்களின் பையில் அது கிடந்தது. பென்சில் சீவினார்கள், மூங்கிலைச் சீவிச் சுழன்று பறக்கும் தட்டான் பொம்மை செய்தார்கள். 1960 அக்டோபர் 12ஆம் தேதி டோக்கியோவின் ஹிபியா அரங்கில், மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோவைப் பதினேழு வயது இளைஞன் குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது ஒரு குறுவாள். ஹிகோனோகாமிக்கும் அந்தக் கொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பென்சில் திருகும் இயந்திரங்கள் வகுப்பறைக்குள் வந்தன. எத்தனையோ பட்டறைகள் செய்த அந்தக் கத்தியை மரபுப் பெயரோடு செய்வதற்கு மிக்கியில் இன்று ஒரே ஒரு பட்டறை மிஞ்சியிருக்கிறது.

நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் கதை வேறு வழியில் போய் அதே இடத்துக்கு வருகிறது. நவாபுகள் காலத்திலிருந்து அந்த ஊர்க் கொல்லர்கள் செய்த மடக்குக்கத்தி நேர்த்தியான கைவேலை. பித்தளைப் பிடியில் மீன் வடிவமும் பூவேலையும் உண்டு. இந்தி சினிமா அதை வில்லன் கையில் கொடுத்தது. கத்தி திறக்கும் ஓசையே மிரட்டல் ஆயிற்று. சினிமா பார்த்தவர்கள் அந்த நீளத்தைக் கேட்டார்கள்; அலகு ஒன்பது அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என்று போனது. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்கு மாநில அரசு தடை போட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2023இல் ராம்பூரின் ஒரு சாலைச் சந்திப்பில் இருபது அடி உயரத்துக்கு அந்தக் கத்தியை நினைவுச்சின்னமாக நிறுத்தினார்கள். இருபது அடிக் கத்தியால் ஒரு மாம்பழத்தை நறுக்க முடியாது என்ற எண்ணம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அந்தக் கொல்லர்களின் கைத்திறன் நாலு அங்குல அலகில், அன்றாட வேலைக்கென்று, மக்கள் பையில் வாழ்ந்திருக்கலாம்.

தமிழ்நாட்டிலும் திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் சினிமா பார்ப்பவர் மனத்தில் எழும் படம் வேறு. அந்த அரிவாளை வாங்கிக் கருவேலம் வெட்டப்போகிற விவசாயி மனத்தில் இருக்கும் படம் வேறு. படித்த, நகரத்து மனிதர் ஒருவர் பொது இடத்தில் மடக்குக்கத்தியை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் மாறுவது இந்த முதல் படத்தால்தான். ஆனால் கூரான கருவியைக் கூடவே வைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடி எழுதியவர்களின் கருவிகளைப் பற்றி உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். வாரெழுத்தாணியில் ஓலை வாரும் கத்தியும் சேர்ந்தே இருந்தது. மடக்கெழுத்தாணி பிடிக்குள் மடங்கியது. எழுதுவதற்கும் நறுக்குவதற்கும் ஒரே கருவி, மடக்கிக் கையோடு கொண்டுபோகும்படி. இதைவிடப் பொருத்தமான அன்றாடக் கத்தியை நான் யோசிக்க முடியவில்லை.

ஒட்டுக்கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நாற்றங்கால்களில் நடக்கும் வேலையைப் பார்த்தால் கூர் என்றால் என்ன என்று விளங்கும். வேர்ச்செடியின் வெட்டும் ஒட்டுக்குச்சியின் வெட்டும் முழுவதும் ஒட்டி உட்கார வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் வளரும் அடுக்குகள் ஒன்றையொன்று தொட வேண்டும். மழுங்கிய அலகு திசுவை நசுக்கிவிடும், ஒட்டு பிடிக்காது. அதனால்தான் ஒட்டுக்கத்தியை ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டுகிறார்கள். மறுபக்கம் தட்டையாக இருப்பதால் வெட்டும் தட்டையாக வருகிறது. அந்தக் கூர் ஒரு மரத்தின் எதிர்காலத்துக்கே பொறுப்பு.

எங்கள் தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பாதி பிளேடு. சவரம் செய்து போட்ட பிளேடைக் காகிதத்தோடு வளைத்து இரண்டாக உடைத்து, ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக் கொடுப்பார்கள். பிடி கிடையாது, மறுவிளிம்பு உடைந்த இரும்பு, பென்சிலோடு விரலும் சீவப்படும். கத்தி ஆபத்து என்று பயந்த அதே வீடுகள் இதைப் பயமில்லாமல் தந்தன. பிடியோடும் வளையப் பூட்டோடும் உள்ள ஒரு சிறு கத்தி அந்தப் பாதி பிளேடைவிட எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது.

சட்டம் இந்த அளவைப் பார்த்து அஞ்சவில்லை. இந்திய ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுகளை. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உரியவற்றுக்கு விலக்கு உண்டு. பிரிட்டனில் பூட்டில்லாத, மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் ஆகாது, பெட்டியில் போட்டுவிட வேண்டும். அரசு அலுவலகம், நீதிமன்றம், மெட்ரோ ரயில் போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் முறை. பிறரிடம் கொடுக்கும்போது நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை தராமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். உறவு முறியும் என்பார்கள். அந்த நம்பிக்கை எப்படியோ, கூரிய பொருள் இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு கணமும் இருக்கக் கூடாது என்ற அந்த ஏற்பாடு மிகச் சரி. நான் மூடித்தான் கொடுப்பேன்.

மிக்கியின் கத்தி முழுவதும் போய்விடவில்லை. நாகானோ மாகாணத்தில் ஒரு தொடக்கப்பள்ளி 1980களிலிருந்து தன் பிள்ளைகளுக்கு ஹிகோனோகாமி கொடுத்து, பென்சிலை அவர்களே சீவிக்கொள்ளப் பழக்குகிறது. ஓபினெலும் ஏழாம் எண்ணில் முனை உருட்டிய ஒரு கத்தியைச் சிறுவர்களுக்கென்றே செய்கிறது. இங்கேயும் அதைச் செய்யலாம். உட்கார்ந்துகொண்டுதான் திறக்க வேண்டும். உடம்புக்கு வெளிப்பக்கமாகத்தான் சீவ வேண்டும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. எழுந்து நடக்குமுன் மூடிவிட வேண்டும். வேப்பங்குச்சியில் தொடங்கலாம், பிறகு பென்சில், பிறகு வெள்ளரிப்பிஞ்சு. வாங்கும்போது பிள்ளையையே கடைக்குக் கூட்டிப்போய், வளையத்தைத் திருப்பிப் பூட்டவும் திறக்கவும் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்கு விரலில் வலு வரவில்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாம்.